சண்முகக்கனியின் மாடிக்குரல்

ஆடி மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் சாலிகிராமத்தில் இரண்டாவது மாடியில் குடியிருந்த சண்முகக்கனிக்குச் சளி பிடித்தது. அன்றைக்குச் சாயங்காலத்துக்குள் தமிழ் சினிமாவின் கதாநாயகிகளில் பாதிப்பேருக்கு மூக்கு அடைத்துக்கொண்டது. அன்று எடுத்துக்கொண்டிருந்த படங்களில் மட்டும் என்றால் யாரும் பெரிதாக எண்ணியிருக்க மாட்டார்கள். என்றைக்கோ எடுத்து முடித்து, வெள்ளிவிழாக் கொண்டாடி, பெட்டிக்குள் போய், அப்புறம் டிவியில் ஞாயிற்றுக்கிழமைதோறும் ஓடி ஓடித் தேய்ந்துபோன படங்களில்கூட, மஞ்சள் தாவணி கட்டி வரப்பில் ஓடிவருகிற பெண், ‘மாமா’ என்று கூப்பிட வேண்டிய இடத்தில் ‘பாபா’ என்று கூப்பிட்டாள். வில்லனின் கோட்டைக்குள் கட்டிப்போடப்பட்டிருந்தவள் சவால் விடுகிற நேரத்தில் இரண்டு தரம் தும்மினாள். பேச்சு முடிந்து பாட்டு தொடங்கினால் குரல் பளிங்கு மாதிரி ஆகிவிடும், ஏனென்றால் பாட்டைப் பாடியது வேறொரு அம்மாள், அந்த அம்மாளுக்குச் சளி இல்லை.

முதல் இரண்டு நாள் ஜனங்கள் டிவிப் பெட்டியின் தலையில் தட்டிப் பார்த்தார்கள். கேபிள்காரனைத் திட்டினார்கள். மூன்றாம் நாள் உசிலம்பட்டியில் ஒரு டீக்கடைக்காரர், சட்டினிக்குக் கடுகு தாளித்துக்கொண்டே டிவியை நிமிர்ந்து பார்த்து, "பாவம், புள்ளைக்கு நல்லா முடியல" என்று சொன்னார். அதற்குப் பிறகு அதுதான் எல்லோருடைய விளக்கமும் ஆயிற்று. தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சளி பிடித்தால் ஏன் பிடித்தது என்று கேட்கிறவர்கள் குறைவு, கஷாயம் சொல்கிறவர்கள் ஜாஸ்தி. கரூரிலிருந்தும் நாமக்கல்லிலிருந்தும் டிவி நிலையங்களுக்குக் கற்பூரவல்லித் தழையும் சுக்கும் பனங்கற்கண்டும் பார்சலில் வந்து குவிய, வாசல் காவலாளிகளே ஒரு வாரம் சுக்குக் காப்பி போட்டுக் குடித்தார்கள்.

அந்தப் புள்ளை யாரென்று அப்போது ஊருக்குத் தெரியாது. சண்முகக்கனிக்குத் தெரியும்.

அவள் விளாத்திகுளத்துக்காரி. கறுப்பு, கனத்த உடம்பு, நடந்தால் தரை கொஞ்சம் ஒதுங்கி வழிவிடும். பிறவியிலேயே குரல் அடித்தொண்டையில் குடியிருந்தது. பள்ளிக்கூட நாடகத்தில் ராஜா வேஷமும் ராட்சசன் வேஷமும்தான் கொடுத்தார்கள், ராணி கேட்டதற்கு டீச்சர் சிரித்துவிட்டார். பன்னிரண்டு வயதில் ஒருநாள் கிணற்றடியில் ராணியின் வசனத்தைத் தனியாகப் பேசிப் பார்த்துக்கொண்டிருந்தபோது, குதிகாலைத் தூக்கி, தொப்புளை முதுகோடு ஒட்ட இழுத்து, நாக்கின் வேரைக் கீழே அழுத்தினால் தொண்டைக்குள் ஓர் ஏணி இருப்பதும், அதன் வழியாக ஏறினால் மேலே ஓர் அறை இருப்பதும், அந்த அறையில் வேறொருத்தி வசிப்பதும் அவளுக்குத் தெரியவந்தது. மேலே இருந்தவளுக்கு இடுப்பு இருந்தது. மேலே இருந்தவள் சிவப்பு. அவள் சிரித்தால் வெள்ளிக் கொலுசை யாரோ படியில் உருட்டிவிட்ட மாதிரி இருந்தது. கனி அதற்கு மாடிக்குரல் என்று பெயர் வைத்தாள். தன்னுடையதைக் கீழ்வீட்டுக் குரல் என்றாள்.

அந்த மாடியை வைத்துத்தான் சென்னைக்கு வந்தாள். வடபழனியில் டப்பிங் தியேட்டர் வைத்திருந்த சவுண்டு இன்ஜினியர் பெர்னார்டு தூத்துக்குடிக்காரர். கூட்டத்தில் ‘ஓ’ போடுவதற்காக வந்த பெண்களில் ஒருத்தியாக நின்ற கனியை அவர் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து தற்செயலாகக் கேட்டார், பார்க்கவில்லை, கேட்டார், கேட்டதும் ஹெட்போனைக் கழற்றாமலே எழுந்து நின்றுவிட்டார். அன்றிலிருந்து வடக்கேயிருந்து வந்து இறங்கிய கதாநாயகிகளுக்கெல்லாம் கனிதான் வாய். அவர்கள் ஓடினால் கனி மைக்குக்கு முன்னால் நின்ற இடத்திலேயே ஓடினாள். அவர்கள் அழுதால் கனி தன் வலது தொடையைக் கிள்ளிக்கொண்டு அழுதாள், ஒரே இடத்தில் கிள்ளிக் கிள்ளி அங்கே ஒரு ரூபாய் அகலத்துக்குக் கன்னிப்போய் நிரந்தரமாகிவிட்டது. முத்தக் காட்சிக்குத் தன் புறங்கைக்குத் தானே முத்தம் கொடுத்தாள். கல்யாணம் செய்துகொள்ளாத அவள் திரையில் பெற்றெடுத்த பிள்ளைகள் ஒரு தெருவுக்குக் காணும், அத்தனை பேருக்கும் பல்லைக் கடித்து, வயிற்றைப் பிடித்து, வியர்த்து வழிந்துதான் பெற்றாள். வேலை முடிந்து கதவைத் திறந்து வெளியே வந்தால் கீழ்வீட்டுக் குரலில் ஆட்டோ பேசுவாள், கீரை வாங்குவாள். யாரும் திரும்பிப் பார்த்ததில்லை. அது அவளுக்கு வசதியாகவே இருந்தது. தன்னிடம் அழகாக இருந்த ஒரே இடம் அந்த மாடிதான், அதை எல்லோரும் பார்த்தார்கள், தன்னை யாரும் பார்க்கவில்லை, இதைவிட நல்ல ஏற்பாடு இருக்குமா என்று நினைத்தாள்.

சளி போயிற்று. கதாநாயகிகளுக்கும் போயிற்று. ஆனால் ஒருதரம் திறந்துகொண்ட கதவு திறந்தபடியே கிடந்தது. அடுக்குமாடியில் லிஃப்ட் கெட்டு, கனி காய்கறிப் பையோடு படியேறினால், காஷ்மீர் பனியில் அசையாமல் நிற்கிற கதாநாயகிக்கு மூச்சு இரைத்தது. மத்தியானம் மீன்குழம்பு ஒரு கை அதிகமாகச் சாப்பிட்டால் கோயில் பிரகாரத்தில் கைகூப்பி நிற்கிறவள் மெதுவாக ஏப்பம் விட்டாள். ஐம்பதைத் தாண்டிய உடம்பில் திடீரென்று ஏறி இறங்குகிற அந்த அனல், பதினெட்டு வயசுப் பெண்களின் பேச்சில் நடுவாக்கியத்தில் ஏறி, புஸ்ஸென்று பெருமூச்சாக இறங்கியது. வார்த்தை ஒன்றுகூட மாறவில்லை. மாறியதெல்லாம் வார்த்தைக்குள் இருந்த உடம்பு.

ஜனங்கள் பழகிக்கொண்டார்கள். எவ்வளவு சீக்கிரம் பழகினார்கள் என்பதுதான் இந்தக் கதையிலேயே எனக்கு நம்பக் கஷ்டமான சங்கதி. சேலத்தில் பெண்கள் மத்தியானப் படத்தைப் பார்த்துவிட்டு, இன்றைக்கு அவள் இன்னும் சாப்பிடவில்லை என்று சொல்லி, தாங்களும் கொஞ்ச நேரம் கழித்தே சாப்பிட்டார்கள். திருவாரூரில் கல்யாணம் ஆகி வந்த புதிதில் யாரோடும் பேசாமல் இருந்த ஒரு மருமகள், கதாநாயகியின் முதுகுவலி முனகலைக் கேட்டு, எனக்கும் இப்படித்தான் என்று மாமியாரிடம் முதன்முதலாக வாயைத் திறந்தாள். பெரிய நடிகர் ஒருவரின் ரசிகர் மன்றத்தார் மட்டும், தலைவர் பஞ்ச் வசனம் பேசும்போது எதிரே நிற்கிற பெண் விக்குகிறாள், இது திட்டமிட்ட சதி என்று ஊர்வலம் போனார்கள். ஒரு டிவி நிலையத்தார் சாமர்த்தியமாக, இளம்பெண் ஒருத்தியை அழைத்துவந்து பழைய படம் ஒன்றுக்கு முழுக்க மறுபடி குரல் கொடுக்க வைத்தார்கள். அழகான குரல். ஒளிபரப்பினார்கள். அன்றைக்குக் கனிக்குக் கொட்டாவி. அந்த அழகான குரலும் வாய் கொள்ளாமல் கொட்டாவி விட்டது.

அப்புறம்தான் குரல் யாருடையது என்று தேட ஆரம்பித்தார்கள். கனியைத் தவிர பெர்னார்டுக்கு மட்டும் முன்பே தெரிந்திருந்தது. தியேட்டரில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கனி தும்மிய அதே நொடியில், வரவேற்பறை டிவியில் மணக்கோலத்தில் இருந்த ஒருத்தி தும்மியதை அவர் கேட்டிருந்தார், கேட்டுவிட்டு யாரிடமும் சொல்லாமல் கனிக்கு ஓர் ஆவிபிடிக்கிற பாத்திரம் வாங்கிக் கொடுத்திருந்தார். ஊருக்குத் தெரிந்ததும் தயாரிப்பாளர்கள் மாம்பழக் கூடையோடு வந்தார்கள். வெயிலில் போகாதீர்கள், ஐஸ் தண்ணீர் குடிக்காதீர்கள், கோபப்படாதீர்கள் என்று கேட்டுக்கொண்டார்கள். ரசிகர் மன்றத்தார் கேட்டில் ஒரு தட்டி கட்டினார்கள்: தயவுசெய்து வெள்ளிக்கிழமைகளில் இருமாதீர்கள்.

ஐப்பசி பிறந்ததும் குரலில் ஒரு கூழாங்கல் விழுந்தது. முதலில் கவனித்தது கனி அல்ல, டிவி முன்னால் உட்கார்ந்திருந்தவர்கள். நீண்ட வசனத்தின் கடைசியில் மூச்சு எங்கேயோ தட்டுகிறது, எச்சில் விழுங்கும்போது சத்தம் வருகிறது, அந்த அம்மாவை டாக்டரிடம் போகச் சொல்லுங்கள் என்று ஊர் ஊராக டிவி நிலையங்களுக்குப் போன் வந்தது. கனி கண்ணாடியில் கழுத்தைப் பார்த்தாள். இடது பக்கம் நெல்லிக்காய் அளவுக்கு ஏதோ இருந்தது, எச்சில் விழுங்கினால் அதுவும் கூடவே ஏறி இறங்கியது.

டாக்டர் கஸ்தூரி சுற்றி வளைக்கிற ஆள் இல்லை. தைராய்டில் கட்டி, மூச்சுக்குழாயை நெரிக்கிறது, எடுக்காவிட்டால் ஒருநாள் படுத்துக்கொண்டிருக்கும்போதே மூச்சு நின்றுபோகும் என்று சொல்லிவிட்டு, ஒரு காகிதத்தில் தொண்டையை வரைந்து, பேனா முனையால் காட்டினார்.

"பேச வைக்கிற நரம்பு இது. இதைக் காப்பாத்திருவேன், பயப்படாதீங்க. குரலை மேலே ஏத்துற நரம்பு இன்னொண்ணு இருக்கு, நூல் மாதிரி. அது உங்களுக்குக் கட்டிக்குள்ள புகுந்து போகுது. அதுக்கு நான் வாக்குக் கொடுக்க முடியாதும்மா."

"அப்ப மாடி போயிரும்" என்றாள் கனி.

டாக்டருக்குப் புரியவில்லை. அறுவை சிகிச்சைக்கு நாள் மட்டும் கேட்டார். கனி சொல்லாமல் எழுந்து வந்துவிட்டாள்.

அந்த வாரம் அவள் வீட்டு வாசலில் செருப்பு வைக்க இடமில்லை. இன்னும் ஆறு மாதம் தள்ளிப்போடுங்கள், பொங்கல் படங்களும் சித்திரைப் படங்களும் இருக்கின்றன என்றார்கள். ஜெர்மனியில் ஒருவர் இருக்கிறார் என்றார்கள். வேண்டாம் அம்மா, உயிர்தான் பெரிசு, பொம்மைகள் ஊமையானால் ஆகட்டும் என்றார்கள் வேறு சிலர். எல்லோருக்கும் கனி தலையாட்டினாள், கருப்பட்டிக் காப்பி கொடுத்தாள், பெர்னார்டிடம் மட்டும் சமையலறையில் நின்றுகொண்டு உண்மையைச் சொன்னாள். சாவுக்கு அவள் பயப்படவில்லை. ஊமையாவதற்குக்கூடப் பயமில்லை. ஏணி போய்விட்டால் மிச்ச ஆயுளும் கீழ்வீட்டிலேயே, அந்த ராட்சசன் குரலோடேயே, இந்தக் கறுத்த பருத்த உடம்புக்குள்ளேயே இருக்க வேண்டும், வெளியே போக வேறு வழி கிடையாது, அதற்குத்தான் பயம். தன்னைப் பிடித்திருந்தவர்கள் எல்லோருக்கும் மேலே இருந்தவளைத்தான் பிடித்திருந்தது, அவளையும் கொன்றுவிட்டு யாருக்காகப் பிழைப்பது? பெர்னார்டு காலி டம்ளர்களை எடுத்துக் கழுவிக் கவிழ்த்து வைத்தார். நாற்பது வருஷமாக மற்றவர்களின் சத்தத்தைக் கூட்டிக் குறைத்துப் பழகியவர், எங்கே சும்மா இருக்க வேண்டும் என்று அவருக்குத் தெரியும்.

ஒரு புதன்கிழமை காலை, யாரும் எதிர்பாராமல், ஊர்மிகா வந்தாள். கனியின் குரலில் தமிழ்நாட்டையே ஒரு தலைமுறைக்குக் கிறங்கடித்த பெண், இப்போது புனேயில் இரண்டு பிள்ளைகளோடு இருக்கிறாள், காதோரம் நரைத்திருந்தது. இத்தனை வருஷத்தில் அந்த முகமும் அந்தக் குரலும் நேரில் சந்தித்ததே இல்லை. அந்தக் காலத்தில் வழக்கம் அப்படி, முகம் விமானம் ஏறிப்போன பிறகுதான் குரல் பஸ் ஏறி வரும். கனி வாசலில் நின்று பார்த்தாள். திரையில் ஆயிரம் தடவை உதட்டசைவு உதட்டசைவாகப் பார்த்து மனப்பாடம் செய்த வாய், மேலுதட்டின் இடது ஓரம் கொஞ்சம் முந்தித் திறக்கும் என்பதுகூட அவளுக்குத் தெரியும், அந்த வாய் இப்போது தட்டுத்தடுமாறித் தமிழ் பேசியது.

"அக்கா, நான் அங்கே ஒண்ணு ரெண்டு மூணு மட்டும்தான் சொன்னேன். தெரியுமா உங்களுக்கு?"

தெரியும். பாஷை தெரியாத நடிகைகளுக்கு உதவி இயக்குநர்கள் எண்களைச் சொல்லிக் கொடுப்பார்கள், அழுகையானால் பத்து வரைக்கும், காதலானால் ஐந்து வரைக்கும், உதடு அசைந்தால் போதும். ஊர்மிகா சோபாவில் உட்காராமல் தரையில், கனியின் காலடிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, உள்ளதையெல்லாம் சொன்னாள். படப்பிடிப்பு முழுக்க அவள் பட்டினி, வெள்ளரிக்காயும் கறுப்புக் காப்பியும்தான். பசியில் கண் செருகுவதைத்தான் ஜனங்கள் காதல் என்று நினைத்துக்கொண்டார்கள். கனி தானும் சொன்னாள், டப்பிங் நாளில் தான் காலையிலேயே எட்டு இட்லி சாப்பிட்டுவிட்டுத்தான் போவது, பெருமூச்சுக்கு அடிவயிறு நிறைந்திருக்க வேண்டும். அப்படியென்றால் எனக்கும் சேர்த்து நீங்கள் சாப்பிட்டிருக்கிறீர்கள் என்றாள் ஊர்மிகா. ஆமா, அதான் இப்படி இருக்கேன் என்றாள் கனி. இரண்டு பேரும் சிரித்தார்கள், அந்த நேரம் டிவியில் ஓடிய படத்தில் தூக்குமேடைக் கைதியைப் பார்க்கப் போன மனைவி கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று கிளுக்கென்று சிரித்துவைத்தாள்.

பிறகு ஊர்மிகா, எங்கே வைத்து அழுதீர்கள் என்று கேட்டாள். கனி சேலையை முழங்காலுக்கு மேலே கொஞ்சம் ஒதுக்கித் தொடையில் கன்னிப்போன இடத்தைக் காட்டினாள். ஊர்மிகா அதன்மேல் இரண்டு விரலை வைத்தாள். கோயிலில் கல்லைத் தொடுகிற மாதிரி வைத்தாள். என் கண்ணீர் இங்கேயா இருந்தது என்று இந்தியில் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

போவதற்கு முன் ஓர் ஆசை கேட்டாள். ஊரெல்லாம் நடித்துக் காட்டுகிற அந்த ரயிலடிக் காட்சி, காதலன் பெட்டியில் ஏற, நடைமேடையில் நின்று அவள் பேசுகிற நாலு வரி, அதை இருவரும் ஒருதரம் சேர்ந்து செய்ய வேண்டும், இதுவரை செய்ததே இல்லையே. கனி சம்மதித்தாள். ஊர்மிகா எழுந்து சுவரோரம் நின்று முகத்தை அந்த வயசுக்குக் கொண்டுபோனாள், எப்படித்தான் போனாளோ, நரை அப்படியே இருக்க முகம் மட்டும் போயிற்று. உதடு அசைந்தது: ஒண்ணு, ரெண்டு. கனி குதிகாலைத் தூக்கினாள். தொப்புளை இழுத்தாள். ஏணியில் காலை வைத்தாள். பாதி ஏறியதும் கட்டி குறுக்கே வந்து மூச்சை மறித்தது, கண் இருட்டியது, சுவரைப் பிடித்துக்கொண்டாள். ஊர்மிகாவின் உதடு நிற்கவில்லை, கேமரா ஓடும்போது நிற்கக் கூடாது என்று பழகிய உதடு, மூணு, நாலு என்று போய்க்கொண்டிருந்தது, அதை வெறும் வாயாக விட்டுவிடக் கனிக்கு மனம் வரவில்லை. ஏற முடியாமல், இறங்கி, குதிகாலைத் தரையில் முழுசாக ஊன்றி, பள்ளிக்கூடத்தில் சிரிப்பு வாங்கிய அந்தக் குரலில் பேசினாள்.

"போறதுன்னா போங்க. திரும்பிப் பாக்காதீங்க. பாத்தீங்கன்னா நான் கூப்பிட்டுருவேன். கூப்பிட்டா நீங்க வந்துருவீங்க."

வெள்ளிக்கொலுசு இல்லை அதில். உழுத மண் இருந்தது. காத்திருந்து சலித்த ஒரு பெண்பிள்ளை இருந்தாள். எதிரே ஊர்மிகாவின் உதடு நின்றுவிட்டது. வாழ்க்கையிலேயே முதன்முதலாக அவளுக்கு எண்ணிக்கை தவறிப்போயிற்று, ஆறுக்கு அப்புறம் என்ன என்று தெரியாமல் நின்றாள், கிள்ளாமல் கொள்ளாமல் கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கியது.

"இதை ஏன் அக்கா எனக்குக் குடுக்கலை?"

கனி யோசித்தாள். "யாரும் கேக்கலியே" என்றாள்.

ஊர்மிகா போன பிறகு கனி அந்தச் சுவருக்கு எதிரே குதிகாலை ஊன்றி நின்று அந்த நாலு வரியையும் இன்னொருதரம் சொல்லிப் பார்த்தாள். பிறகு பெர்னார்டுக்குப் போன் போட்டு, அண்ணாச்சி, டாக்டரம்மாகிட்ட நாளைக் குறிச்சிருங்க என்றாள்.

அறுவை நடந்த அன்று மயக்க மருந்து ஏறியதும் தமிழ்நாட்டில் கதாநாயகிகள் பேச்சை நிறுத்தினார்கள். வாய் அசைந்தது, சத்தம் இல்லை. கட்டி முழுசாக வெளியே வந்தது. நரம்பில் ஒன்று தப்பியது, நூல் மாதிரி இருந்தது தப்பவில்லை. காயம் ஆறுகிறவரை ஒரு சொல்கூடப் பேசக் கூடாது என்று டாக்டர் கஸ்தூரி உத்தரவு போட்டார்.

அந்த மௌனத்தை ஊர் எப்படித் தாங்கியது என்று கேட்டால், தாங்கவில்லை என்பதுதான் பதில். விருதுநகரில் பழைய படம் ஓடிக்கொண்டிருந்த கொட்டகையில், கதாநாயகன் கேட்ட கேள்விக்குப் பதில் வராமல் அரங்கமே காத்திருந்தபோது, பெண்கள் பகுதியில் யாரோ ஒருத்தி, பீடி சுற்றுகிறவளாக இருக்கலாம், அந்தப் பதிலை உரக்கச் சொன்னாள். மனப்பாடம்தானே எல்லோருக்கும். அடுத்த வசனத்தைப் பத்துப் பேர் சொன்னார்கள். அதற்குப் பிறகு வீட்டுக்கு வீடு அதே கதைதான். காசிமேட்டில் மீன்கூடைக்காரி ஒருத்தி டிவி முன்னால் கால்நீட்டி உட்கார்ந்து இளவரசிக்காகப் பேசினாள், இளவரசி மீன்விலை சொல்கிற தோரணையில் காதலைச் சொன்னாள், காதல் அப்படியும் நிற்கத்தான் செய்தது. மூக்கால் பேசுகிறவர்கள், திக்கிப் பேசுகிறவர்கள், வெற்றிலையைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு பேசுகிறவர்கள் எல்லோரும் பேசினார்கள். ஆரணியில் பட்டுத்தறி முன்னால் இருந்த பெண் தறியை நிறுத்தாமலே பேசியதால், அந்தக் கதாநாயகிக்குத் தறியின் நாடா இங்கும் அங்கும் ஓடுகிற தாளத்தில் கோபம் வந்தது.

கனி கழுத்தில் கட்டோடு படுத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். எதிர் ஜன்னலிலிருந்து வந்தது, கீழ்த்தளத்துச் சமையலறையிலிருந்து வந்தது, தெருவில் பூக்கட்டுகிறவளிடமிருந்து வந்தது, எல்லாம் அவள் பேசிய வசனங்கள், ஒன்றுகூட அவள் பேசிய மாதிரி இல்லை. ரயிலடி வசனத்தை எதிர்வீட்டு அம்மாள், பாத்திரம் விளக்கிக்கொண்டே, போனால் போ என்று நிஜமாகவே அர்த்தப்படுகிற மாதிரி சொன்னதைக் கேட்டபோது கனி படுக்கையில் எழுந்து உட்கார்ந்தாள். இப்படி ஒரு வழி அதில் இருப்பது அவளுக்குத் தெரியவே தெரியாது.

பேசலாம் என்று டாக்டர் சொன்ன பிறகும் அவள் பேசவில்லை. கேட்டால் சிலேட்டில் எழுதிக் காட்டினாள். என்ன வரும் என்று தெரிந்தே பயந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பெர்னார்டு உளுந்துவடை வாங்கிவந்து தட்டில் வைத்து, தன் பங்கைத் தின்று முடித்து, ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சாவகாசமாகக் கையை நீட்டிக் கடைசி வடையையும் எடுத்தார். வேண்டுமென்றே எடுத்தாரா என்று பிற்பாடு பலர் கேட்டார்கள், வடை மொறுமொறுப்பாக இருந்தது என்று மட்டும் சொல்வார் மனிதர்.

"அண்ணாச்சி, அது எனக்கு வச்சது" என்றாள் கனி.

அந்த நொடியில் கதாநாயகிகள் எல்லோருக்கும் பேச்சு வந்தது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என்பதால் எல்லா டிவியிலும் படம். எல்லாப் படத்திலும் அந்தக் குரல். அருவியில் நனைகிறவளுக்கும், கல்லூரி வாசலில் புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு வருகிறவளுக்கும், மாளிகைப் படியில் இறங்குகிறவளுக்கும், அடியிலிருந்து, வயிற்றுக்கும் கீழேயிருந்து, புளியமரம் பேசினால் எப்படிப் பேசுமோ அப்படி ஒரு குரல். உசிலம்பட்டி டீக்கடையில் கிளாசை வாய்க்குக் கொண்டுபோனவர்கள் பாதியில் நிறுத்திக்கொண்டார்கள். திரையில் அப்போது ஒரு கதாநாயகன் தன் மனைவியைக் கன்னத்தில் அறைந்துவிட்டு, பொம்பளை பொம்பளையா இருக்கணும் என்று சொல்லிக்கொண்டிருந்தான். எப்போதும் விசில் பறக்கிற இடம் அது. அவள், வசனகர்த்தா எழுதிக் கொடுத்தபடியே, என்னை மன்னிச்சிருங்க அத்தான் என்றாள். வார்த்தை அதே வார்த்தைதான். மன்னிப்புக் கேட்டது அவள், தலைகுனிந்தது கடையில் இருந்த ஆண்கள். யாரும் விசிலடிக்கவில்லை. ரசிகர் மன்றத்தார்கூட மறுநாள் கேட்டுக்கு வந்து, என்ன எழுதுவது என்று தெரியாமல், பழைய தட்டியை மட்டும் சத்தமில்லாமல் அவிழ்த்துக்கொண்டு போனார்கள். இத்தனை காலமாக நம்மோடு பேசிக்கொண்டிருந்தது இவள்தானா என்று ஜனங்கள் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்ளவில்லை. கோபுரத்துக்கு முன்னால் நிற்கிற மாதிரி சும்மா நின்றார்கள்.

கனிக்கு இதெல்லாம் சரியாகப் பிடிபடவில்லை. உள்ளே ஏணி இருந்த இடத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள், ஒன்றும் இல்லை, வெறும் சுவர். இரண்டு நாள் அழுதாள். தொடையைக் கிள்ளாமல் அழுவது எப்படி என்று பழக வேண்டியிருந்தது. மூன்றாம் நாள் வீட்டில் காய்கறி இல்லை, எத்தனை நாள்தான் பெர்னார்டு வாங்கிவருவார், பையை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கினாள்.

சந்தை அவளுக்குப் பழகிய இடம். வருஷக்கணக்காக யாரும் திரும்பிப் பாராத உடம்போடு நடந்த இடம். கூட்டத்தில் இடித்துக்கொண்டு போய், எப்போதும் வாங்குகிற கீரைக்காரி குப்பம்மாவின் முன்னால் நின்று, எப்போதும் கேட்கிற மாதிரிக் கேட்டாள்:

"அரைக்கீரை கட்டு என்ன விலை?"

சந்தை நின்றது. தராசுத் தட்டு பாதியில் நின்றது. தேங்காய் உடைத்தவன் அரிவாளை ஓங்கியபடி நின்றான். ஓர் ஆட்டோக்காரர் இன்ஜினை அணைத்தார், அவரைப் பார்த்து மற்றவர்களும் அணைத்தார்கள். திரையில் கேட்டுத் தலைகுனிந்த அதே குரல், மாடியும் கீழுமாக இல்லாமல் ஒரே வீடாக, ரப்பர் செருப்பும் நூல் சேலையுமாக, வியர்வை வழிய, கையில் ஓட்டைப் பையோடு அவர்கள் நடுவில் நின்றுகொண்டிருந்தது. கனி திரும்பிப் பார்த்தாள். எல்லோரும் அவளைத்தான் பார்த்தார்கள். அவளைத்தான்.

குப்பம்மா மட்டும் நிமிரவில்லை. கீரைக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டே, "இருவது" என்றாள்.

"போன தடவை பதினஞ்சுதான சொன்ன?"

"இருவதுன்னா இருவதுதான்."

கனிக்கு வழக்கமான கோபம் வந்தது. பாதி புல்லு, மீதி வேரு, தெளிச்ச தண்ணிக்கே பத்து ரூபா போட்டிருக்கே, உன் கீரையத் தின்னுட்டு நான் என்ன மாடா என்று கேட்டாள். விளாத்திகுளம் முழுசாக எழுந்து வந்து பேசியது. வெண்டைக்காய்க்காரி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள், சிரிப்பதற்கா வேறெதற்கா என்று தெரியவில்லை. பதினாறு என்றாள் கனி. இருபது என்றாள் குப்பம்மா. பதினேழு. இருபது. எப்போதும் ஒரு வார்த்தைக்கு இறங்கிவந்து, கொசுறாகக் கறிவேப்பிலையும் கிள்ளிப் போடுகிறவள், இன்றைக்கு என்ன வந்தது இவளுக்கு என்று கனி குனிந்து முகத்தைப் பார்த்தாள். குப்பம்மாவின் கை, கட்டின கீரைக்கட்டையே அவிழ்த்து அவிழ்த்து மறுபடி கட்டிக்கொண்டிருந்தது.

"பதினெட்டு. அதுக்கு மேல கிடையாது."

"இருவதுதான்" என்றாள் குப்பம்மா, இந்தத் தடவை மெதுவாக. "நீ விலை கேளு. கேட்டுக்கினே இரும்மா."

கனி பையைக் கீழே வைத்துவிட்டு, சேலையைச் செருகிக்கொண்டு, முதலிலிருந்து ஆரம்பித்தாள்.